கேள்விக்குறியாக வந்த நடிகர்

1

ஜேம்ஸ் வேல் இயக்கிய 'ஃபிராங்கன்ஸ்டைன்' (1931) படத்தை நான் முதலில் பார்த்தது எண்பதுகளின் நடுவில். நண்பர் ஒருவரின் வீட்டில், வாடகைக்கு எடுத்து வந்த வீடியோ டெக்கில், பத்துப் பன்னிரண்டு பேர் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். படத்தில் ஒரு கட்டம் வரும். ஏரிக்கரையில் ஒரு சின்னப் பெண். அரக்கன் புதரை விலக்கிக்கொண்டு வருகிறான். அவள் அலறவில்லை, ஓடவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்துப் பூக்களைக் கொடுக்கிறாள். இரண்டு பேரும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டு மிதப்பதைப் பார்க்கிறார்கள். அரக்கன் சிரிக்கிறான். கையிலிருந்த பூ தீர்ந்துபோகிறது. அவளை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டுகிறான். அவ்வளவுதான், வெட்டு. அப்புறம் பார்த்தால் அவளுடைய அப்பன் பிணத்தைத் தூக்கிக்கொண்டு கல்யாணக் கூட்டத்துக்கு நடுவே தெருவில் நடந்து வருகிறான்.

இடையில் என்ன நடந்தது? நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாமல் எல்லோருக்கும் 'புரிந்துவிட்டது'. படம் முடிந்து நடந்த விவாதத்தில் நான்தான் அதிகம் பேசினேன். மேரி ஷெல்லியின் நாவலில் (1818) இல்லாத ஒரு சங்கதியைப் படம் சேர்த்திருக்கிறது. விஞ்ஞானியின் எடுபிடி நல்ல மூளை இருந்த ஜாடியைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, குற்றவாளியின் மூளையை எடுத்து வந்துவிடுகிறான். ஆக, அரக்கன் செய்கிற எல்லாவற்றுக்கும் காரணம் மண்டைக்குள்ளேயே இருக்கிறது. அவனை அடித்தவர்கள், தீப்பந்தத்தைக் காட்டி மிரட்டியவர்கள், சங்கிலியில் கட்டிப்போட்டவர்கள் எல்லாம் தப்பித்துவிடுகிறார்கள். குற்றம் பிறப்பிலேயே இருக்கிறது என்கிற இதே நம்பிக்கையில்தான் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது, 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் அது ஜனங்களை ரேகை வைக்கச் சொல்லி வரிசையில் நிறுத்தியது. ஆகவே இது பிற்போக்குப் படம். தீர்ப்புச் சொல்லியாயிற்று. அந்த வாதத்தை நான் இன்றும் முழுக்கக் கைவிட்டுவிடவில்லை.

ஆனால் வெட்டப்பட்ட அந்தத் துண்டைப் பல வருஷம் கழித்துப் பார்த்தேன். தணிக்கைக்காரர்கள் அறுத்துப்போட்டது, எண்பதுகளில்தான் அதைத் திரும்பப் படத்தோடு சேர்த்தார்கள். அதில் நடப்பது இதுதான்: பூ மிதந்தது, அப்படியானால் இவளும் மிதப்பாள் என்று அரக்கன் நினைக்கிறான். தூக்கித் தண்ணீரில் போடுகிறான். அவள் மிதக்கவில்லை. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கைகள் நடுங்குகின்றன. தண்ணீரைத் துழாவுகிறான். பிறகு தடுமாறிக்கொண்டே ஓடுகிறான். அறியாமையால் நேர்ந்த ஒரு மரணத்தை, வெட்டு வேறொரு குற்றமாக மாற்றியிருக்கிறது. அந்தக் குற்றத்தைக் கற்பனை செய்தது நாங்கள். குற்றவாளி மூளையைப் பற்றி அவ்வளவு பேசிய நானும் அதில் சேர்த்தி.

அன்றிலிருந்து அந்த அரக்கனாக நடித்த போரிஸ் கார்லாஃபின் கதையைத் தேடிப் படித்துவருகிறேன். அந்த வாழ்க்கையிலும் வெட்டுகள் இருக்கின்றன.

2

படத்தின் தொடக்கத்தில் நடிகர் பட்டியல் வருகிறது. டாக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் - காலின் கிளைவ். எலிசபெத் - மே கிளார்க். அரக்கன் - ஒரு கேள்விக்குறி. நடிகரின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் '?' மட்டும். கடைசியில் பட்டியலை மறுபடி காட்டும்போதுதான் பெயரைப் போடுகிறார்கள்.

இது ஸ்டுடியோக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்த விளம்பர உத்தி இல்லை. 1823இல் லண்டனில் இந்த நாவல் முதன்முதலாக நாடகமானபோது, நாடகத் தாளில் அந்தப் பாத்திரத்தின் இடம் வெறும் கோடாக விடப்பட்டிருந்தது. பெயர் இல்லாததற்கு வைத்த பெயர் அது. மேரி ஷெல்லிக்கே அது பிடித்திருந்தது. அடுத்த வருஷமே, 1824இல், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மேற்கிந்தியத் தீவு அடிமைகளைப் பற்றிய விவாதத்தில் அமைச்சர் ஜார்ஜ் கானிங் இந்தக் கதையை எடுத்துப் பேசினார். உடம்பில் பெரியவனின் பலமும் அறிவில் குழந்தையின் நிலையுமாக இருப்பவனை அவிழ்த்துவிட்டால் என்னாகும் என்பது வாதம். நாவல் வெளிவந்து ஆறே வருஷத்தில் அரக்கன் கறுப்பு அடிமையாக வாசிக்கப்பட்டுவிட்டான். வாசித்தது அடிமையின் தரப்பு அல்ல, எஜமானின் தரப்பு.

நான் இங்கே 'அரக்கன்' என்ற சொல்லைத் தெரிந்துதான் போடுகிறேன். யாரை யார் அரக்கன் என்று அழைத்தார்கள் என்ற சண்டை நமக்குப் பழசு. இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

1931இல் படம் வந்தபோதும் இந்த வாசிப்பு பின்தொடர்ந்தது. கடைசியில் ஊரே தீப்பந்தமும் நாயுமாகத் திரண்டு போய் அரக்கனைக் காற்றாலைக்குள் வைத்துக் கொளுத்துகிறது. அதே வருஷம் மார்ச்சில் அலபாமாவில் ஸ்காட்ஸ்பரோ வழக்கு தொடங்கியிருந்தது; ஒன்பது கறுப்பினப் பையன்கள்மேல் பொய்யாக வன்புணர்ச்சிக் குற்றச்சாட்டு, சிறைக்கு வெளியே வெள்ளையர் கூட்டம். படத்தின் கூட்டத்தை லிஞ்சிங் கூட்டமாகப் பார்த்த விமர்சகர்கள் உண்டு. அந்த நாட்டில் அந்த வருஷம் படம் பார்த்தவர்களுக்குத் தீப்பந்தக் கூட்டம் வெறும் கற்பனையாக இருந்திருக்க முடியாது.

3

போரிஸ் கார்லாஃப் என்பது பிறந்தபோது வைத்த பெயர் இல்லை. 1887 நவம்பர் 23 அன்று லண்டனின் தென்பகுதியில் பிறந்தவர் வில்லியம் ஹென்றி பிராட். ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா எட்வர்ட் ஜான் பிராட் இந்தியாவில் உப்புவரித் துறையில் உத்தியோகம் பார்த்தவர். அம்மா எலைசா சாரா மில்லார்ட் இந்தியாவிலேயே பிறந்தவர். 1864இல் சூரத்தில் கல்யாணம் நடந்தபோது அவருக்குப் பதினாறு வயசு, மாப்பிள்ளைக்கு முப்பத்தெட்டு. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் இந்திய ரத்தம் கலந்திருந்தது. பையன் கொஞ்சம் கறுப்பு. அந்தக் காலத்து இங்கிலாந்தில் நடுத்தரவர்க்கக் குடும்பம் ஒன்றில் இது எப்படிப்பட்ட ரகசியமாக இருந்திருக்கும் என்பதை, நிறத்தை வைத்துப் பெண் பார்க்கிற நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

அம்மா வழியில் இன்னொரு கதை இருக்கிறது. எலைசா சாராவின் சித்தி அன்னா லியோனோவன்ஸ். ஆம், சயாம் அரசரின் அரண்மனையில் ஆசிரியையாக இருந்த அதே அன்னா. 'தி கிங் அண்ட் ஐ' என்ற இசைநாடகமும் (1951) படமும் (1956) கொண்டாடிய வெள்ளைக்கார டீச்சரம்மா. நாகரிகமில்லாத கிழக்கத்திய அரசனுக்கு நாகரிகம் கற்றுத்தரும் ஐரோப்பியப் பெண் என்பதுதான் அந்தக் கதையின் அஸ்திவாரம். அந்த அன்னா பிறந்தது 1831இல், அகமதுநகரில். தாய்வழிப் பாட்டி இந்தியராகவோ ஆங்கிலோ இந்தியராகவோ இருக்கவேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அன்னா வாழ்நாள் முழுக்க, தான் வேல்ஸில் பிறந்தவள் என்றே சொல்லிக்கொண்டார். அக்கா குடும்பத்தின் உறவையும் அறுத்துக்கொண்டார். உண்மை வெளியே வந்தது 1970களில். அதைத் தோண்டி எடுத்த பிரிஸ்டோ வரலாற்றாசிரியர்கூட இல்லை, சிலந்திகளை ஆராய்ந்த விஞ்ஞானி.

ஆக, இரண்டு தலைமுறை. அன்னா தன் பிறப்பை மறைத்து வெள்ளைக்காரியாகி, கிழக்கைப் பற்றி எழுதிப் பெயர் வாங்கினார். அக்காவின் பேரன் வேறு திசையில் போனார். அவர் 'பிராட்' என்ற சுத்தமான ஆங்கிலப் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு, எந்த நாட்டுக்காரன் என்று பிடிபடாத 'போரிஸ் கார்லாஃப்' ஆனார். கார்லாஃப் என்பது அம்மா வழியில் எங்கோ இருந்த பெயர் என்று சொன்னார். மகள் தேடிப்பார்த்தபோது குடும்பத்தில் அப்படி யாரும் அகப்படவில்லை. நிறத்துக்கு ஒரு காரணம் வேண்டும். ரஷ்யப் பெயர் அந்தக் காரணத்தைக் கொடுத்தது என்று நான் வாசிக்கிறேன். இது என் ஊகம்தான். மனுஷன் இதைப் பற்றி வெளியில் வாயே திறக்கவில்லை. சட்டப்படி பெயரை மாற்றிக்கொள்ளவும் இல்லை. பத்திரங்களில் கடைசிவரை 'வில்லியம் ஹென்றி பிராட் என்கிற போரிஸ் கார்லாஃப்' என்றுதான் கையெழுத்து.

4

அம்மா சின்ன வயசிலேயே போய்விட்டார். வளர்த்தது அண்ணன்மார்கள். அவர்களைப் போலவே இவரும் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகவேண்டும் என்று ஏற்பாடு. அண்ணன்களில் ஒருவரான ஜான் பிராட் சீனாவில் பிரிட்டிஷ் தூதரகப் பணியில் இருந்து பின்னால் 'சர்' பட்டம் வாங்கியவர். கடைக்குட்டிக்கு அது ஒட்டவில்லை. நாக்குத் தட்டும், திக்கும். இருந்தும் நாடகப் பைத்தியம். 1909இல் கனடாவுக்குக் கப்பலேறினார்.

அங்கே பண்ணை வேலை, பள்ளம் தோண்டுகிற வேலை, பிறகு ஊர் ஊராகச் சுற்றுகிற நாடகக் கம்பெனிகள். முதல் உலகப்போர் முடிகிற சமயத்தில் ஹாலிவுட். அங்கே பத்து வருஷத்துக்கும் மேல் துண்டு துக்கடா வேஷம். அரேபியன், இந்தியப் பூசாரி, செவ்விந்தியன், மெக்சிகன், கொள்ளைக்காரன். வெள்ளைக்காரன் அல்லாத யார் தேவைப்பட்டாலும் கூப்பிடு கார்லாஃபை. வேஷம் கிடைக்காத நாட்களில் லாரியில் மூட்டை ஏற்றினார். சுமார் எண்பது படங்களுக்குப் பிறகு, நாற்பத்துமூன்று வயசில்தான் யுனிவர்சல் ஸ்டுடியோவில் அந்த வேஷம் வந்தது.

வேஷம் என்று சொல்வது போதாது. ஒப்பனைக்காரர் ஜாக் பியர்ஸ் தினமும் நாலு மணி நேரம் அந்த முகத்தைக் கட்டுவார். பஞ்சு, பசை, பச்சைச் சாயம். கண்ணில் உயிர் அதிகமாகத் தெரிகிறது என்று இமைமேல் மெழுகு வைக்கச் சொன்னது கார்லாஃபேதான். வாய்க்குள் இருந்த பல்செட்டைக் கழற்றிக் கன்னத்தைக் குழியாக்கினார். காலில் கனமான பூட்ஸ். ஆகஸ்டு, செப்டம்பர் வெயிலில் உடம்பு முழுக்கத் திணிப்பு வைத்த உடுப்பு. சாயங்காலம் அதையெல்லாம் பிய்த்து எடுக்க இன்னும் நேரம். ஒரு தடவை தொடர்ந்து 25 மணி நேரம் வேலை வாங்கினார்கள். காலின் கிளைவைத் தோளில் சுமந்துகொண்டு மேட்டில் ஏறுகிற காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்ததில் முதுகு போயிற்று. அந்த வலி சாகும்வரை இருந்தது. படப்பிடிப்புத் தளத்துக்கு நடந்து போகும்போது யாரும் பார்த்துப் பயந்துவிடக் கூடாது என்று தலைமேல் துணியைப் போர்த்தி அழைத்துப் போவார்கள், சாப்பாடும் தனியாக. படத்தின் முதல் காட்சிக்கு அவரை அழைக்கவில்லை என்கிறார்கள். கேள்விக்குறியை யார் கூப்பிடுவார்கள்?

சினிமாவில் உடல் என்பதைப் பிம்பமாகவும் குறியாகவும் நாம் நிறைய எழுதியாயிற்று. உழைக்கிற உடலாக எழுதியது குறைவு. அரக்கன் நடக்கிற அந்த நடை, கட்டை பாய்ந்த மாதிரி காலை இழுத்து வைக்கிற நடை, பாதிக்குப் பாதி பூட்ஸின் கனம். ஆனால் கூரைக் கதவு திறந்து முதன்முதலாக வெளிச்சம் விழும்போது, உட்கார்ந்த இடத்திலிருந்து மெல்ல எழுந்து அதைப் பிடிக்கக் கையைத் தூக்குகிறானே, அது எந்த ஒப்பனையாலும் வரவில்லை. குற்றவாளி மூளை என்று திரைக்கதை சொல்லட்டும். நடிகரின் கைகள் அதை மறுத்துக்கொண்டே இருக்கின்றன. அன்றைய விவாதத்தில் நான் தவறவிட்டது இதை. கதையை மட்டும் பிரதியாக எடுத்துக்கொண்டேன், கையை எடுத்துக்கொள்ளவில்லை.

5

1933 மார்ச்சில் அமெரிக்க வங்கிகள் மூடப்பட்டன. ஸ்டுடியோ முதலாளிகள் எட்டு வாரத்துக்குச் சம்பளத்தில் பாதி வெட்டு என்று அறிவித்தார்கள். நடிகர்களுக்கு அப்போது கேட்பதற்கென்று ஒரு இடம் கிடையாது. இருந்தது அகாடமி, இன்று ஆஸ்கார் கொடுக்கிறதே, அதுதான். எம்ஜிஎம் முதலாளி லூயி மேயரின் முயற்சியில் 1927இல் அது தொடங்கியதற்குப் பின்னால், தொழிற்சங்கம் வராமல் பார்த்துக்கொள்ளும் கணக்கும் இருந்தது. அந்த அகாடமி வெட்டுக்குச் சம்மதித்தது. ஏற்கெனவே சங்கம் வைத்திருந்த தொழில்நுட்பத் தொழிலாளர்கள் முடியாது என்றார்கள், தப்பித்தார்கள். நடிகர்களுக்குப் பாடம் புரிந்தது.

அந்தக் கோடையில் திரை நடிகர் சங்கம் உருவானது. நட்சத்திரங்கள் பலர் தயங்கி நின்ற நேரம். முதலில் வந்து சேர்ந்த சிலரில் கார்லாஃப் ஒருவர். உறுப்பினர் எண் 9. அவருக்கு இதில் சொந்த லாபம் குறைவு. அதற்குள் அவர் பெயரே போஸ்டரில் வியாபாரமாகிவிட்டது. ஸ்டுடியோ கோபித்துக்கொண்டால் இழப்பதற்குத்தான் நிறைய இருந்தது. ஆனால் 25 மணி நேர வேலை நாள் அந்த முதுகில் இருந்தது. ஆள் சேர்த்தார், நிர்வாகக் குழுவில் உட்கார்ந்தார், பல வருஷம் அந்த வேலையைச் செய்தார். வேலைநிறுத்தம் செய்யத் தயார் என்று உறுப்பினர்கள் முடிவெடுத்த பிறகுதான், 1937 மே மாதம், ஸ்டுடியோக்கள் சங்கத்தை அங்கீகரித்தன.

சங்கத்தின் உறுப்பினர் எண் 28 பேலா லுகோசி. 'டிராகுலா' (1931) லுகோசி. அவருக்கு இது இரண்டாவது சங்கம். ஹங்கேரியில் 1918-19இல் நடிகர்களைத் திரட்டிச் சங்கம் கட்டியவர். பேலா குன்னின் சோவியத் அரசு 1919இல் கவிழ்ந்தபோது உயிர் தப்பி நாட்டைவிட்டு ஓடியவர். அந்த இரத்தக்காட்டேரியின் உச்சரிப்பைக் கேட்டுச் சிலிர்த்த ரசிகர்களுக்கு, அது தோற்றுப்போன ஒரு புரட்சியின் அகதியினுடைய உச்சரிப்பு என்று தெரிந்திருக்க நியாயமில்லை. கார்லாஃபுக்குக் கிடைத்த நீண்ட வாழ்வு அவருக்கு வாய்க்கவில்லை. வலிக்குப் போட்ட மருந்துக்கே அடிமையாகி, 1955இல் தானே போய்ச் சிகிச்சை கேட்டார். அடுத்த வருஷம் இறந்தார். டிராகுலா அங்கியோடு புதைத்தார்கள்.

சங்கங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இருவரையும் ஒரு சுவாரசியத் துணுக்காகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். திகில் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் சங்கத்தை ஒரு துணுக்காக்குகிறார்கள். இதுவும் ஒரு வெட்டுத்தான்.

6

இப்படியே எழுதிப் போனால் கார்லாஃப் ஒரு விளிம்புநிலை நாயகனாகி விடுவார். எனக்கு அதில் சம்மதமில்லை.

'ஃபிராங்கன்ஸ்டைன்' வந்த அடுத்த வருஷமே, 1932இல், 'தி மாஸ்க் ஆஃப் ஃபூ மான்சு' படத்தில் நடித்தார். வெள்ளையர்களைக் கொன்று அவர்கள் பெண்களைக் கவர்ந்துகொள்ளுங்கள் என்று கிழக்கத்திய ஜனங்களைத் தூண்டிவிடும் சீன வில்லன். மஞ்சள் அபாயம் என்ற இனவெறிப் பீதிக்கு முகம் கொடுத்த பாத்திரம். இந்திய ரத்தம் ஓடும் ஒரு மனிதர், அண்ணன் சீனாவில் பேரரசின் உத்தியோகஸ்தராக இருந்தவர், கண்ணை இழுத்துக் கட்டி, நகம் வளர்த்து ஆசியா முழுவதையும் கேவலப்படுத்துகிறார். சீனத் தரப்பிலிருந்து எதிர்ப்பும் வந்தது. அதே வருஷம் 'தி மம்மி'யில் எகிப்திய இம்ஹோடெப். பிறகு ஐந்து படங்களில் சீனத் துப்பறிவாளர் வாங். நாற்பதுகளில் மறுபடி செவ்விந்தியத் தலைவர். தன் நிறத்தை மறைத்துக்கொண்டவருக்கு மற்றவர்களின் நிறத்தைப் பூசிக்கொள்வதில் தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. ஹாலிவுட் கிரிக்கெட் கிளப்பில் ஆடினார். அமெரிக்கக் குடியுரிமை வாங்காமல் கடைசிவரை பிரிட்டிஷ் பிரஜையாகவே இருந்தார். பழகியவர்கள் எல்லோரும் சொல்வது: சாது, அசல் ஆங்கிலக் கனவான். அந்தக் 'கனவான்' அவர் ஏற்ற வேஷங்களிலேயே கஷ்டமானதோ என்னவோ.

குரல் விஷயத்திலும் சிக்கல் இருக்கிறது. நாவலில் அரக்கன் ஊமையில்லை. குடிசைச் சுவரின் இடுக்கு வழியாக ஒட்டுக்கேட்டே மொழி கற்றுக்கொள்கிறான், மில்டனைப் படிக்கிறான், தன்னைப் படைத்தவனிடம் வழக்காடுகிறான். 1931 படம் அந்த நாக்கை அறுத்துவிட்டது. 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' (1935) படத்தில் வேல் கொஞ்சம் பேச்சைத் திருப்பிக்கொடுத்தபோது, வேண்டாம் என்று எதிர்த்தவர் கார்லாஃபேதான். அரக்கன் பேசினால் கெட்டுவிடும் என்பது அவர் எண்ணம். எனக்கு இதில் அவரோடு உடன்பாடில்லை. கண் தெரியாத கிழவனின் குடிசையில் ரொட்டி, நண்பன், நல்லது என்று ஒவ்வொரு சொல்லாக அரக்கன் கற்றுக்கொள்கிற காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. முகத்தைப் பார்க்க முடியாதவன் ஒருத்தன்தான் அவனை மனுஷனாக நடத்துகிறான். பார்வையுள்ளவர்கள் வந்ததும் குடிசை எரிகிறது.

ஆனால் அவர் ஏன் மௌனத்தைப் பிடித்துக்கொண்டார் என்று யோசிக்கிறேன். பேசினால் பிறப்பு வெளிப்பட்டுவிடும் என்ற வீட்டில் வளர்ந்தவர். நாக்குத் தட்டுகிறவர். பேசாமல் இருந்தபோதுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அந்த அரக்கன்தான் தன்னுடைய ஆகச் சிறந்த நண்பன் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். பேசவேண்டிய இடமாக அவர் தேர்ந்தது சங்கத்தின் கமிட்டி அறை. பிறப்பைப் பற்றி அங்கேயும் பேசவில்லை. வேலை நேரத்தைப் பற்றிப் பேசினார். ஒரு மனிதர் எல்லா வாயையும் ஒரேயடியாகத் திறக்கவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். வர்க்கம் பேசியவர் நிறத்தைப் பேசவில்லை என்று குற்றம் சாட்டுவது எனக்குச் சுலபம். மறைக்காமல் இருந்திருந்தால் அந்தக் கமிட்டி அறைக்குள் அவரை விட்டிருப்பார்களா என்ற கேள்வியையும் கூடவே கேட்டுக்கொள்ளவேண்டும்.

1968இல் பீட்டர் போக்டனோவிச் எடுத்த 'டார்கெட்ஸ்' படத்தில் கார்லாஃப் ஏறத்தாழ தன்னையே நடித்தார். பைரன் ஆர்லாக் என்ற வயசான திகில் நடிகர். பேப்பரைத் திறந்தால் வருகிற கொலைகளுக்கு முன்னால் தன் படங்களைப் பார்த்து யார் பயப்படப் போகிறார்கள் என்று ஓய்வுபெற நினைக்கிறார். இன்னொரு பக்கம், பார்க்க லட்சணமான, மரியாதை தெரிந்த, வெள்ளைக்கார நடுத்தரவர்க்கப் பையன் ஒருத்தன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அந்நியர்களைச் சுட்டுத்தள்ளுகிறான். 1966இல் டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தில் நடந்ததை வைத்து எழுதியது. முடிவில் கிழவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவனை நோக்கி நடந்து போய்க் கன்னத்தில் அறைகிறார். தையல் போட்ட முகத்தில் முப்பத்தேழு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த கொலைகாரனை அமெரிக்கா பக்கத்து வீட்டில் கண்டுபிடித்தது. கார்லாஃப் அப்போது சுவாசமே சிரமமான நோயாளி. காலில் இரும்புப் பட்டை. 1969 பிப்ரவரி 2 அன்று இங்கிலாந்தில் இறந்தார், வயசு 81.

எண்பதுகளில் அந்தத் தரையில் உட்கார்ந்து படம் பார்த்தவர்களில் ஒருவரை ரொம்ப காலத்துக்குப் பிறகு ஒரு புத்தகக் கண்காட்சியில் சந்தித்தேன். பழைய விவாதத்தை அவரே நினைவுபடுத்தினார். வெட்டப்பட்ட துண்டைப் பற்றிச் சொன்னேன். பூ மிதந்ததை, பெண் மிதக்காததை, அந்தக் கைகள் நடுங்கியதை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: "அப்போ இத்தனை வருஷமா அவன் பண்ணாததை நாமதான் அவன்மேல போட்டோமா?"

ஆமாம் என்றேன்.